யானை முத்திரை வைத்த ஜாடிகள்

எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயர் எனக்கும் தெரியாது. முன்னொரு காலத்தில் அங்கே ஆண்ட அரசருக்கு, மழை தொடங்குவதற்குள் மலையடிவாரத்தில் ஓர் அணை கட்டி முடித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை என்ன, பிடிவாதம்! அணைக்குச் சுண்ணாம்பு வேண்டும். சூளையில் சுட்ட கற்சுண்ணாம்பை மண் ஜாடிகளில் அடைத்து, மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஆற்றைக் கடந்து கொண்டுபோனார்கள். கற்சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்து எழும். மூடிய ஜாடிக்குள் கொதித்தால் ஜாடியே வெடிக்கும்.

அதற்காகவே அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. சூளையிலிருந்து வரும் ஜாடிகளில் பத்துக்கு ஒன்றை எடுத்து ஆள் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்க வேண்டும். மேலே பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். தேறியவற்றுக்குத்தான் யானை முத்திரை. அந்த முத்திரை பண்டகசாலைத் தலைவர் மழவராயரிடம் இருந்தது.

ஒருநாள் அரசவையில் விகடகவி அம்பலக்கூத்தர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு வரவில்லை. ஓர் ஆளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அந்த ஆளின் முகத்தில் பாதி வெந்திருந்தது. கண்கள் இரண்டும் வெளுத்துப் போயிருந்தன.

"அரசே, இவர் பெயர் சடையன். சுண்ணாம்பு வண்டி ஓட்டியவர்" என்றார் கூத்தர்.

"என்ன நடந்தது?" என்று அரசர் கேட்டார்.

"ஆத்துல பாதி தூரம் போனேன் சாமி. பின்னால உஸ்ஸுனு ஒரு சத்தம். என்னடான்னு திரும்பிப் பாத்தேன். அவ்வளவுதான், அப்புறம் எதையும் பாக்கல. பக்கத்து வண்டியில என் தம்பி மருதையன் இருந்தான். அவன் கரைக்கே வரல."

மழவராயர் எழுந்தார். கூத்தரை அவருக்கு நெடுநாளாகவே ஆகாது. அரசர் தம்மைவிட ஒரு கோமாளியின் பேச்சுக்குக் காதுகொடுக்கிறார் என்ற வயிற்றெரிச்சல்.

"மன்னர் பெருமானே! வண்டிக்காரன் தூங்கிவிட்டு ஜாடியைக் குறை சொல்கிறான். ஒவ்வொன்றும் சட்டப்படி சோதிக்கப்பட்டது. என் முத்திரை உள்ள ஜாடிகளின்மேல் உட்கார்ந்துகொண்டே நான் அந்த ஆற்றைக் கடப்பேன். ஐயமிருந்தால் விகடகவியே சோதித்துச் சொல்லட்டும். ஆனால் கையிருப்பு நாற்பது ஜாடிகள்தாம். ஒன்று உடைந்தாலும் அணை வேலை நின்றுவிடும்."

அணை நின்றுவிடும் என்றதும் அரசரின் முகம் இறுகியது.

"கூத்தரே, நாற்பதையும் சோதியுங்கள். ஆற்றைத் தாங்குமா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆனால் ஒரு ஜாடிகூட உடையக் கூடாது. உடைந்தால் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதுதான். மூன்று நாள் தருகிறேன்."

மற்ற அதிகாரிகள் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்கள். உடைபடாமல் எப்படிச் சோதிப்பது? உடைந்தால் நாடுகடத்தல். சோதிக்காவிட்டால் மழவராயர் சொன்னதே மெய்.

கூத்தர் வணங்கிவிட்டு, ஆணையை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஆற்றுத் துறையில் நான்கு வண்டிகள் நின்றன. வண்டிக்குப் பத்து ஜாடிகள். மூடிகளைச் சுற்றி மெழுகு. மெழுகின்மேல் வெள்ளைப் பொடி. வண்டிக்காரர்கள் நுகத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அரசரும் பரிவாரமும் கரையில் இருந்தார்கள்.

"மழவராயரே, ஏறி உட்காருங்கள்" என்றார் கூத்தர்.

"நானா? எதற்கு?"

"ஜாடிகளின்மேல் உட்கார்ந்துகொண்டே ஆற்றைக் கடப்பேன் என்று அவையில் சொன்னீர்களே. தங்கள் வாக்கைப் பொய்யாக்க எனக்கு என்ன தைரியம்?"

மழவராயர் அரசரைப் பார்த்தார். அரசர் வண்டியைக் கையால் காட்டினார். மழவராயர் ஏறினார். ஏறியதும் வண்டிச் சட்டத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

மாடுகள் தண்ணீரில் இறங்கின. சக்கரம் ஒரு பாறையில் ஏறி இறங்கியது. ஜாடிகள் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்கின. அச்சளவு தண்ணீர் வந்ததும் வண்டிக்குள் ஈரம் புகுந்தது. மழவராயரின் காலடியில் இருந்த ஜாடியில் ஒரு கீறல் கருத்து, அடியிலிருந்து மேலே மெல்ல ஊர்ந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலறினார்.

"நிறுத்துங்கள்! ஐயோ, திருப்புங்கள்! இவை தேறாதவை! ஒன்றையும் சோதிக்கவில்லை! அரசே, அணைக்கு அவசரம் என்றீர்கள், அதனால்தான் முத்திரையை மட்டும் வைத்து அனுப்பினேன்!"

வண்டியிலிருந்து குதித்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து கரைக்கு ஓடிவந்தார். கூத்தர் நிதானமாக ஆற்றில் இறங்கி, அதே ஜாடியின் மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் கத்திவிட்டார்கள்.

"அரிசி மாவு" என்றார் கூத்தர். "ஜாடிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஆணையில் எழுதவில்லை, அரசே. சுண்ணாம்பின் எடைக்கு எடை மாவு அடைத்தேன். கல்லில் குலுங்கி, தண்ணீரில் நனைந்தால், எது கசியும் என்று மாவே சொல்லிவிடும். ஒருவர் உடம்பும் வேகாது."

நான்கு வண்டிகளையும் அக்கரை வரை ஓட்டி, திருப்பிக் கொண்டுவந்து எல்லா ஜாடிகளையும் திறந்தார்கள். ஒன்றும் உடையவில்லை. பதினேழு ஜாடிகளில் மாவு கூழாகிக் கிடந்தது.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். தலை முதல் கால் வரை நனைந்து நின்ற மழவராயரைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். பிறகு, கரையில் தனியாக நின்ற சடையன் பக்கம் பார்வை போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவசரம் என்னுடையது" என்றார் அரசர், யாரையும் பார்க்காமல். "கூத்தரே, என்ன வேண்டும்? கேளுங்கள்."

"முத்திரை வேண்டும், அரசே. எனக்கல்ல."

மழவராயரிடமிருந்து முத்திரை பறிக்கப்பட்டுச் சடையன் கையில் வைக்கப்பட்டது. "கண்ணில்லாதவன் எதைச் சோதிப்பான்?" என்று அதிகாரி ஒருவர் முணுமுணுத்தார்.

அரசருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது போலும். மாவு நனையாத ஜாடிகளில் தாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சடையன் முன் வைக்கச் சொன்னார். வழவழப்பான, அழகான ஜாடி. சடையன் மாவைக் கொட்டச் சொல்லிவிட்டு, விரல் கணுவால் சுற்றிலும் தட்டினான். ஓரிடத்தில் மறுபடி தட்டினான். காதை வைத்துக் கேட்டான்.

"இது யாரு எடுத்துக் குடுத்தது?"

அதிகாரிகள் அரசரைப் பார்த்தார்கள்.

"யாரா இருந்தாலும் சரி. இது வேணாஞ் சாமி. உள்ள விரிசல் ஓடுது. இன்னும் ஒரு தடவை ஆத்துல இறங்குனா தாங்காது."

அரசர் அந்த ஜாடியைத் தாமே தூக்கிப் பாறையில் போட்டார். உடைந்த ஓட்டின் உட்புறம் மயிரிழை போலக் கோடு ஒன்று நீளமாக ஓடியிருந்தது. அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கூத்தருக்குப் போர்த்தினார். அணை வேலை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று அறிவிக்கச் சொல்லிவிட்டு, சடையனின் கையைத் தாமே பிடித்து நடத்திக்கொண்டு கரையேறினார்.