ஜோடி மயில்

அந்தக் காலத்தில் மரங்கள் பேசின. வெட்டிச் சீவிக் கையில் எடுத்த பிறகும் அவற்றின் பேச்சு நிற்கவில்லை. அதனால் மந்திரக்கோல்களும் பேசின.

மாசானம் என்ற மந்திரவாதியிடம் ஒரு கருங்காலிக் கோல் இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து மந்திரங்களுக்கான சக்தி அதில் இருக்கும். நான்கைச் செலவழிக்கலாம். ஐந்தாவதைத் தொடக் கூடாது. தயிருக்கு உறைமோர் வைப்பதைப் போல, அந்த ஒன்றை வைத்துத்தான் கோல் விடிவதற்குள் மற்ற நான்கையும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.

அவன் மனைவி பூவாயிக்குத் தினமும் பொழுது சாயும்போது காய்ச்சல் ஏறும். கோலை நெற்றியில் வைத்து மந்திரம் சொன்னால் இறங்கிவிடும். வேறு எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை.

"மூணு ஊருக்கு, ஒண்ணு பூவாயிக்கு, ஒண்ணு உறைக்கு" என்று கோல் காலைதோறும் சொல்லும்.

"தெரியும். மாமியார் மாதிரி தொணதொணக்காதே" என்பான் மாசானம்.

ஒருநாள் சந்தையில் மூன்று மந்திரங்களையும் முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான். கட்டாரி என்ற இன்னொரு மந்திரவாதி வழியை மறித்தான்.

"என்ன மாசானம், அதுக்குள்ள கடையக் கட்டிட்ட? கோல்ல சரக்கு தீந்துபோச்சா? இங்க குடு, எங்க வீட்டு அடுப்புக்காவது ஆகும்."

சந்தையே சிரித்தது. மாசானம் கோலை ஓங்கினான்.

"வேண்டாம். இது பூவாயியோடது" என்றது கோல்.

"அவளுக்கு உறை இருக்குல்ல, அதை எடுத்துக்கலாம்."

"உறை போனா நாளைக்கு நான் இல்ல."

"அப்படிச் செஞ்சு பாத்தவன் எவன் இருக்கான்? சும்மா பயமுறுத்தாதே."

நாலாவது சக்தியில் ஒரு நெருப்பு மயில் எழுந்து தோகை விரித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். கட்டாரி மட்டும் வெற்றிலையை மென்றபடி கேட்டான்: "ஒத்த மயில்தானா? ஜோடி எங்கப்பா?"

மறுபடியும் சிரிப்பு. அதைத் தாங்க மாசானத்தால் முடியவில்லை.

"மாசானம்" என்றது கோல். அவ்வளவுதான் சொன்னது.

இரண்டாவது மயிலும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து புளியமரங்களுக்கு மேலே பறந்து மறைந்தன. மாசானத்தின் கையில் ஒரு பிடி சாம்பல் இருந்தது.

வீட்டில் பூவாயியின் உடம்பு அனலாய்க் கொதித்தது. "கோலு எங்கங்க?" என்று கேட்டாள். அவன் கையை விரித்துக் காட்டினான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

அவள் அவன் உள்ளங்கையில் இருந்த சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மயிலு நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

"என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்."

ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டான். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

மாசானம் அதன்பின் எத்தனையோ கோல்களைச் சீவினான். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து, "ஏதாவது சொல்லு, இப்ப கேக்குறேன்" என்று கெஞ்சினான். கருங்காலிக்கு நேர்ந்தது எல்லா மரங்களுக்கும் தெரிந்திருந்தது. ஒன்றும் வாய் திறக்கவில்லை.

அன்று முதல்தான் மந்திரக்கோல்கள் பேசுவதில்லை. இன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டிக் கதை ஆடுகிறவர்களிடமும் ஏறக்குறைய இதே நியாயம்தான். மந்திரவாதியாக ஆடுகிறவர் கோலின் கடைசிச் சக்தியையும் செலவழித்துவிட்டால், பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று என்ற எண் விழுந்தால் கோல் சாம்பல். வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்ல அதற்கு இப்போது வாய் இல்லை.