வீட்டில் அடித்த சுற்றறிக்கை

இயக்குநர் தாமோதரனின் செருப்புச் சத்தம் கேட்டாலே அலுவலகம் மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். அன்று தட்டச்சர் செண்பகவல்லியைக் கூப்பிட்டு, தான் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை முகத்துக்கு நேரே நீட்டினார்.

“வீட்டுல செஞ்ச வேலை எதுவும் செல்லாது! உன் மூணு மாச வேலையையும் சாயங்காலத்துக்குள்ள இங்கே உட்கார்ந்து திரும்பச் செய். இல்லேன்னா சஸ்பெண்ட்!” என்று பச்சை மைப் பேனாவைத் திறந்தார்.

அவள் சுற்றறிக்கையையே பார்த்தாள்.

“அப்போ இதுவும் செல்லாதுங்களே ஐயா. நேத்து ஞாயித்துக்கிழமை நீங்க போன்ல சொல்லச் சொல்ல, நான் வீட்டுல அடிச்சதுங்க இது.”

இயக்குநர் பேனாவை மெல்ல மூடினார்.

“வீட்டுக்குப் போய் வேலையைப் பாரும்மா.”