முப்பத்திரண்டு பட்டமும் ஒரு நண்டு வளையும்

பட்டம் கொடுப்பதென்றால் வீரகேசரி மகாராஜாவுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம். நன்றாகத் தும்மியவனுக்கும் ஒரு பட்டம் கிடைத்துவிடும் என்று ஊரில் பேச்சு. கொடுத்ததோடு விட்டாலாவது பரவாயில்லை. பட்டம் வாங்கியவர் அரண்மனைப் பல்லக்கில்தான் வெளியே போகவேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டியக்காரர் முன்னால் நின்று அத்தனை பட்டத்தையும் ராகம் போட்டுச் சொல்லி முடிக்கவேண்டும். அதற்குள் காலைத் தரையில் வைத்தால் சிறை!

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடையப் பார்த்தது. ஏரிக்கரைக் காவல்காரன் சடையாண்டி வெள்ளத்தில் முங்கி மதகைத் திறந்துவிட்டு ஊரைக் காப்பாற்றினான். மகாராஜா சும்மா விடுவாரா? ஆளைச் சபைக்கு வரவழைத்து, ஒன்றல்ல இரண்டல்ல, முப்பத்திரண்டு பட்டங்களை அறிவித்தார்.

சடையாண்டி தலையைச் சொறிந்தான். "வேணாம் மவராசா. எனக்குக் கரையில வேலை கெடக்கு."

மகாராஜாவின் மீசை துடித்தது.

"நான் கொடுப்பதை வேண்டாம் என்கிறாயா? நாளைக் காலை பல்லக்கில் ஏறு, இல்லாவிட்டால் சிறைக்குப் போ! பூவராகா, இவனுக்குப் புத்தி சொல்வது உன் பொறுப்பு. இவன் ஏறாவிட்டால் நீயும் இவனோடு உள்ளே போகலாம்."

பூவராகன் அந்தச் சபையின் விகடன். வாயால் பிழைப்பவன். ஆனாலும் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சடையாண்டியை வெளியே அழைத்துப் போனான்.

"ஏனய்யா, பல்லக்கு உன்னைக் கடிக்கவா போகிறது?"

"அதில்லீங்கய்யா. தெனம் விடியறப்ப நண்டு கரையில வளை தோண்டி வெச்சிருக்கும். நடந்து பாத்து, வைக்கோலும் களிமண்ணும் திணிச்சு அடைச்சுடுவேன். விரல் தண்டி ஓட்டைதான். விட்டா வண்டி போற அளவுக்கு அறுத்துப்புடும்."

"தினமுமா? யாருக்குமே தெரியாதே!"

"தெரிஞ்சு என்னங்க ஆவப்போவுது? தண்ணி உள்ள நின்னாச் சரி."

பூவராகனுக்கு மனசு இளகிவிட்டது. வெள்ளத்தில் குதித்த ஒரு நாளைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இந்த மனிதனைச் சிறையில் போட்டாலும் ஏரி போச்சு, பல்லக்கில் போட்டாலும் ஏரி போச்சு. மகாராஜா கொடுத்த பட்டத்தை மகாராஜாதான் திரும்ப எடுக்க முடியும். சொன்னால் எடுக்கமாட்டார்.

"பேசாமல் ஏறிக்கொள். ஒரு கட்டு வைக்கோலையும் மடியில் வைத்துக்கொள்" என்றான்.

பிறகு உள்ளே போய், "முதல் ஊர்வலம் ஏரிக்கரைக்கே போகட்டும், மகாராஜா. தாங்களும் வந்தால் அழகு" என்று ஒரு கும்பிடு போட்டான். மகாராஜாவுக்குப் பரம சந்தோஷம்.

மறுநாள் பல்லக்குக்கு அலங்காரம், மேளம், ஆரத்தி என்று இழுத்து இழுத்து, கரைக்கு வந்து சேரும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நண்டு தன் வேலையைச் சரியாக முடித்திருந்தது. அடைக்கத்தான் ஆளில்லை. கரையின் அடியில் தொடை மொத்தத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. புதுப் பட்டு உடுத்தி அங்கேதான் நின்றிருந்தார் மகாராஜா.

கட்டியக்காரர் தொண்டையைச் செருமினார். "ஏரி காத்த எம்பெருமா...ன்! மதகு திறந்த மாவீர...ன்!"

"ஐயய்யோ, கரை அறுக்குதே!" என்று பல்லக்கில் துள்ளினான் சடையாண்டி.

"இறங்கி அடையடா!" என்று அலறினார் மகாராஜா. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

பூவராகன் பணிவாகக் குறுக்கே வந்தான். "எப்படி இறங்குவார், மகாராஜா? இன்னும் முப்பது பட்டம் பாக்கி. இப்போது கால் வைத்தால் சிறை. தாங்கள் போட்ட சட்டம்."

"சுருக்கமாகச் சொல்லித் தொலையுங்கள்!"

"ராகத்தை விட்டால் எனக்குச் சிறை, மகாராஜா!" என்று நடுங்கிய கட்டியக்காரர் மூன்றாவதை இழுக்கத் தொடங்கினார். ஒரு பெரிய மண்கட்டி பொளக்கென்று சரிந்து, மகாராஜாவின் மீசைவரை சேறு தெறித்தது.

"பட்டத்தை எடுத்துக்கொண்டேன்!"

"எந்தப் பட்டத்தை, மகாராஜா?"

"எல்லாவற்றையும்! முப்பத்திரண்டையும்! இறங்கச் சொல்லடா!"

சொல்லி வாய் மூடவில்லை. சடையாண்டி வைக்கோலோடு சேற்றில் குதித்தான். கை எது, மண் எது என்று தெரியாத வேகம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அடுத்த வளையைத் தேடி நடந்துவிட்டான்.

இடுப்புவரை சேற்றோடு மகாராஜா அவன் போவதையே வெகுநேரம் பார்த்தார். "தினமும் இதையா செய்கிறான்?" என்று கேட்டபோது குரல் தணிந்திருந்தது.

"தினமும், மகாராஜா."

"இனி அவனைக் கரையைவிட்டு யாரும் கூப்பிடக்கூடாது." பிறகு பழைய குணம் எட்டிப் பார்த்தது. "பூவராகா, உன் சாமர்த்தியமே சாமர்த்தியம்! அந்த முப்பத்திரண்டு பட்டமும் இனி உனக்குத்தான்!"

பூவராகன் பத்தடி பின்வாங்கினான்.

"வேண்டாம், மகாராஜா! தங்களுக்குக் கோபம் வந்தால் நான் ஓடித் தப்பிக்கவேண்டும். கட்டியக்காரர் பாடி முடிக்கிறவரை பல்லக்கில் உட்கார்ந்திருந்தால் என் தலை என்ன ஆவது?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் மீசையில் ஒட்டியிருந்த சேறெல்லாம் உதிர்ந்தது.