நாவல் மரத்துக்காக நடந்த இரண்டு ஆட்டங்கள்

பெரிய ஏரி ஒன்றின் நடுவே ஒரு தீவு இருந்தது. அந்தத் தீவின் விலங்குகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். காய்ந்த கொடிகளை உருட்டிக் கட்டியதுதான் பந்து. ஆனாலும் அதன் பின்னால் அவை ஓடுகிற ஓட்டத்தில் புழுதி மர உச்சிக்கு எழும்பும்.

தீவில் இரண்டு அணிகள். ஒன்று மருதமரத்து அணி, இன்னொன்று பாறையடி அணி. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டாலே ஆகாது. வாரத்தில் மூன்று நாள் மோதிக்கொள்ளும்.

கீச்சாயி என்ற கிளிதான் வர்ணனையாளர். மரக்கிளையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவாள்.

"இந்த உலகத்துலயே நம்ம ஆட்டம்தான் ஆட்டம்! மத்ததெல்லாம் சும்மா!"

கீச்சாயி தீவை விட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. இறக்கை இருந்தும்தான்!

மருதமரத்து அணியின் தலைவன் பிடரியான் என்ற காட்டுப்பன்றி. நல்ல மனசு, கொஞ்சம் முன்கோபம். பந்து கிடைத்தால் தலையைக் குனிந்துகொண்டு பாய்வான். எதிரே நின்றவர்கள் சிதறுவார்கள். அந்த ஆண்டு தீவில் அவன் அணிக்குத்தான் முதலிடம்.

ஏரிக்கு அக்கரையில் ஒரு பெருங்காடு. தீவுக்கும் அக்கரைக்கும் இடையில் ஒரு மணல் திட்டு. திட்டின் மேல் ஒரே ஒரு நாவல் மரம். முன்பெல்லாம் அதன் பழத்துக்காக இரு கரையும் கடித்துக் குதறிக்கொள்ளும். பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பழுக்கும் காலத்தில் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். ஒன்று தீவில், மற்றது அக்கரையில். இரண்டையும் சேர்த்து யார் அதிக கோல் போடுகிறார்களோ, அவர்களுக்கே அந்த ஆண்டுப் பழம் முழுவதும்.

எட்டு ஆண்டுகளாகப் பழம் அக்கரைக்கே போனது. பிடரியானுக்கு வயது ஏழு. பாவம், அவன் ஒரு நாவல் பழத்தைக்கூட வாயில் வைத்ததில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு கரையிலேயே நிற்பான்.

"இந்த வருஷம் தின்னே தீருவேன்! தீவு முழுக்க எல்லாருக்கும் நாக்கு ஊதாவாகணும்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

முதல் ஆட்டம் தீவில் நடந்தது. முதலிடம் பிடித்த மருதமரத்து அணிதான் தீவுக்காக ஆடியது. அக்கரை அணிக்கு முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி தலைவன். அவர்கள் மெதுவாக ஆடினார்கள். பந்தைத் தட்டித் தட்டி நகர்த்தினார்கள். பிடரியான் இடி மாதிரி பாய்ந்தான். மூன்றுக்கு ஒன்று என்று தீவு ஜெயித்தது!

"நம்ம மண்ணோட பலம் பாருங்க!" என்று கீச்சாயி அலறினாள்.

மருதமரத்து அணியில் பாதிப் பேர் அக்கரையில் பிறந்தவர்கள். தீவில் மீன் கொழுப்பாக இருக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தவர்கள்தான். அதைக் கீச்சாயியிடம் யார் சொல்வது?

அப்படி வந்தவர்களில் ஒருவன் வழுக்கி என்ற நீர்நாய். அவன் பிடரியானைத் தனியே கூப்பிட்டான்.

"தலைவரே, அடுத்த ஆட்டத்துக்கு ஏழு நாள் இருக்கு. அதுக்குள்ள பாறையடியோட மூணு ஆட்டம் வருது. அதைத் தள்ளி வைங்க. அக்கரையில பெரிய ஆட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் படுத்துத் தூங்குவாங்க."

"தூங்கியாடா ஆட்டம் ஜெயிப்பாங்க!" என்று பிடரியான் சிரித்தான். ஆனாலும் அவனுக்கு முட்டி வலித்தது. யோசித்துவிட்டு, "சரி, தள்ளி வைப்போம்" என்றான்.

செய்தி பரவியதுதான் தாமதம். பாறையடி அணியின் கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது.

"பயந்துட்டான்! பிடரியான் பயந்துட்டான்!"

"மருதமரம் தொடை நடுங்குது!" என்று கீச்சாயி அதை நான்கு மரத்துக்கும் கேட்கும்படி பரப்பினாள்.

பிடரியானின் முதுகு மயிர் சிலிர்த்தது. "யாருடா பயந்தது? வாங்கடா மூணு ஆட்டமும்!"

வழுக்கி தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்று ஆட்டமும் நடந்தன. ஒவ்வொன்றும் போர்தான். முதல் நாள் மானுக்குக் கால் பிசகியது. அடுத்த ஆட்டத்தில் முயலுக்குக் காது கிழிந்தது. கடைசியில் கரடி மோதிப் பிடரியானின் விலா வீங்கியது. ஆனால் மூன்றிலும் மருதமரத்துக்கே வெற்றி!

அந்த மூன்று நாளும் அக்கரையிலிருந்து ஒரு கொக்கு வந்தது. எருமை முதுகில் ஒற்றைக் காலில் நின்று அசையாமல் பார்த்தது.

"பாத்தீங்களா! நம்ம ஆட்டத்த ரசிக்க அக்கரையிலேர்ந்துகூட வராங்க!" என்று கீச்சாயி பூரித்துப்போனாள். பிடரியானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொக்கின் எதிரே இரண்டு முறை கூடுதலாக ஓடிக் காட்டினான்.

ஏழாம் நாள் நீந்தி அக்கரைக்குப் போனார்கள். தீவு முழுவதும் கரையில் கூடி நின்று வழியனுப்பியது. குட்டிகள் இப்போதே நாக்கை நீட்டிக் காட்டின.

ஆட்டம் தொடங்கியது. பிடரியான் பந்தை வாங்கினான். தலையைக் குனிந்தான். வலப்பக்கம் பாய்ந்தான். அங்கே ஒரு கீரி முன்பே நின்றுகொண்டிருந்தது! பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மறுபடி பாய்ந்தான். மறுபடி வலப்பக்கம். மறுபடி அதே கீரி!

"இவன் எப்படிடா எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறான்?"

"தலைவரே, இடது பக்கம் போங்க!" என்று வழுக்கி கத்தினான்.

"அந்தப் பக்கம் நான் போனதே இல்லையே!"

அக்கரையினர் அவசரப்படவே இல்லை. தட்டினார்கள், தள்ளினார்கள். துள்ளலாக ஓடுவதற்குத் தீவு அணியின் காலில் தெம்பு இல்லை. மான் நொண்டியது. முயல் மூச்சு வாங்கியது. ஒரு கோல் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. இப்போது இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து மூன்றுக்கு மூன்று.

கடைசி நேரத்தில் பிடரியானுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எதிரே கோல் காப்பவன் மட்டும்தான். விலா வலியில் கால் பின்னியது. பந்தோடு சேர்ந்து அவனும் உருண்டான். அதே பந்தை எடுத்துப் போய் முள்ளப்பன் மூன்றாவது கோலைப் போட்டான்.

ஆட்டம் முடிந்தது. நாவல் மரம் ஒன்பதாம் ஆண்டும் அக்கரைக்கே!

பிடரியான் எழுந்திருக்கவில்லை. புழுதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். தீவில் நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் குட்டிகளை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. அழுதான்.

முள்ளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மணல் திட்டிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்த ஒரு பழத்தை நீட்டினான். கறுத்து, பளபளவென்று, சாறு கட்டிய பழம்.

"தம்பி, தின்னு. வேகத்துல உங்கள மிஞ்ச ஆளில்ல. முதல் ஆட்டத்துல எங்களுக்குக் குலை நடுங்கிப்போச்சு."

"அப்புறம் எப்படிண்ணே ஜெயிச்சீங்க?"

"பயந்ததாலதான். கொக்க அனுப்பினோம். மூணு நாள் உன்னையே பாத்துச்சு. நீ குனிஞ்சா வலப்பக்கம்தான் போவேன்னு வந்து சொல்லுச்சு."

பிடரியான் வாயைப் பிளந்தான். "ரசிக்க வந்துச்சுன்னுல்ல நெனச்சோம்!"

"நீங்க எங்க ஆட்டத்த எத்தன தடவ வந்து பாத்திருக்கீங்க?"

பிடரியான் எண்ணிப் பார்த்தான். ஒரு தடவைகூட இல்லை. நாம்தான் உலகத்திலேயே பெரிய அணி என்றால், அடுத்தவனை எதற்குப் பார்ப்பது? பழத்தின் வாசனை மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. இருந்தும் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"குட்டிங்களுக்கு இல்லாம எனக்கு எதுக்குண்ணே? உங்க அடுத்த ஆட்டம் என்னைக்கு? ஓரமா உக்காந்து பாக்கலாமா?"

முள்ளப்பன் சிரித்தான். "தாராளமா வா! இந்தக் காட்டுக்கு வேலி இல்ல."

அடுத்த வாரம் தீவில் பாறையடியோடு ஆட்டம். "பிடரியான் எங்கே? ஓடிட்டானா?" என்று கீச்சாயி கத்திக் களைத்துப்போனாள். அவனோ அக்கரையில் ஒரு புதரோரம் வழுக்கியோடு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் முழுவதும் கண்ணை எடுக்கவில்லை.

திடீரென்று வழுக்கியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், பாத்தியா! முள்ளப்பன் கோல் பக்கம் அடிக்கிறதுக்கு முன்னாடி மூக்கச் சொறியறான்! ஒவ்வொரு தடவையும் சொறியறான்டா! ஒன்பது வருஷமா இது நம்ம ஒருத்தர் கண்ணுலயும் படலயே!"

தன் வீட்டுக்குள்ளேயே முதலிடம் வாங்கிக்கொண்டு பெருமை பேசுகிறவனுக்குத் தன் அளவு தெரியாது. எதிராளியைக் கண் திறந்து பார்க்கிறவனுக்கே அது தெரியும்.