ஈச்சஞ்சுனைக்கு ஒரு கூடை மணல்

முன்னொரு காலத்திலே, சோற்றோடு மணலும் பல்லில் கடிபடுகிற பாலை ஓரத்து நாடு ஒன்றை உதயகீர்த்தி என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஆசைப்பட்டது மதியத்துக்குள் கைக்கு வந்தாக வேண்டும், அப்படிப்பட்ட ஆசாமி. அவனுடைய தளவாய் ரணதீரன் இரண்டு மாதமாக ஒட்டகத்தில் ஏதோ தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தான். ராஜா குடித்துப் பார்த்தான். கற்கண்டுத் தண்ணீர்!

"எங்கிருந்து வருகிறது இது?"

"மூன்று நாள் தொலைவு, மகாராஜா. நடுப் பாலைவனத்தில் யாரும் நடாத, யாரும் நீர் பாய்ச்சாத ஈச்சந்தோப்பு. நடுவில் ஒரு சுனை."

"கிளம்பு!" என்றான் ராஜா.

வழிகாட்ட ஒட்டகம் மேய்க்கிற வெள்ளச்சியைப் பிடித்தார்கள். புழுதிக்காற்று வருவதைக் காற்றை மோந்தே அவள் சொன்னதில் ராஜா மயங்கி, "இனி நீ என் பக்கத்திலேயே வா" என்றுவிட்டான். இருபது வருஷமாக அந்த இடத்தில் வந்த தளவாய் பின்னால் போனான். அவன் வயிறு எரிந்ததைக் கேட்கவா வேண்டும்!

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தோப்பு தெரிந்தது. கூட வந்த நூறு சிப்பாய்களும் "ஓ" என்று கத்தினார்கள். வெள்ளச்சி மட்டும் தரையைப் பார்த்தாள். அரண்மனை ஒட்டகத்தின் தடம் தவிர வழியில் வேறு ஒரு குளம்படி இல்லை, வேறு ஓர் ஒட்டகச் சாணம் இல்லை. ஈச்ச மட்டைகள் தொங்கிப் போயிருந்தன. சுனை இருந்த பள்ளத்தில் மணல்தான் இருந்தது. பக்கத்தில் உதடு வெடித்த பன்னிரண்டு காவலாளிகள், சுனை தூர்ந்ததைச் சொல்லி அனுப்பப் பயந்தவர்கள்.

"இவங்க யாரு சாமி?" என்று கேட்டாள் வெள்ளச்சி.

"நான் வைத்த காவல்," என்றான் தளவாய். "ராஜா குடிக்கிற தண்ணீரில் கண்ட நாடோடியும் வாய் வைப்பானா? இரண்டு மாதமாக ஒருவனையும் அண்ட விடவில்லை." சொல்லிவிட்டு ராஜா பக்கம் திரும்பினான். "மகாராஜா, இவள் எதிரியின் கைக்கூலி! ஆள் வைத்துச் சுனையைத் தூர்த்துவிட்டு, நம்மைச் சாகடிக்கக் கூட்டி வந்திருக்கிறாள்!"

தோல்பைகளில் மிஞ்சியது ஆளுக்கு ஒரு மிடறு. ராஜாவின் முகம் கறுத்தது. "பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வரவேண்டும், பெண்ணே. வராவிட்டால் உன் தலை இருக்காது."

நடந்தது என்னவென்று வெள்ளச்சிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தண்ணீர் போகவில்லை, அடியில் இருக்கிறது. அள்ள நூறு கை வேண்டும். "மணல் அள்ளுங்கள்" என்று அவள் சொன்னால் ராஜாவின் சிப்பாய் கூடையைத் தொடுவானா? தளவாய்தான் தொட விடுவானா?

"மகாராசா, தண்ணி களவு போயிருக்கு. கள்ளனை நான் காட்டுறேன். ஆனா தண்டனையை மொதல்ல சொல்லிப்புடுங்க. ஆளைப் பாத்தப்புறம் வாக்கு வளைஞ்சிரும்."

"என் வாக்கா வளையும்? தலையைச் சீவுகிறேன்!"

"தலை உருண்டா தண்ணி வருமா? கள்ளனையே பள்ளத்துல இறங்கி மணலை அள்ளச் சொல்லுங்க."

"சரி! எவனானாலும் அள்ளட்டும். என் வாள் மேல் ஆணை!"

"அப்படிச் சொல்லுங்கள்! அந்த நாடோடிக் கும்பலை இழுத்து வருகிறேன்," என்று தளவாய் மீசையை முறுக்கினான்.

"எங்கேயும் போக வேணாம் சாமி," என்றாள் வெள்ளச்சி. "இங்க காத்து நெதம் மணலைக் கொட்டும். அதனால தண்ணி குடிச்சவங்க ஒரு கூடை மணல் அள்ளி வெளிய போட்டுட்டுத்தான் கிளம்பணும். உப்பு வியாபாரியானாலும் சரி, பிச்சைக்காரனானாலும் சரி, இந்தச் சுனைக்கு அதுதான் வழக்கம். தானா நிக்கிற தோப்பு இல்ல மகாராசா இது, வந்தவங்க போனவங்க நிறுத்தி வச்ச தோப்பு. ரெண்டு மாசமாக் குடிச்சவங்க ஒரு கூடையாச்சும் அள்ளினாங்களான்னு கேளுங்க."

காவலாளிகள் தலையைத் தொங்கப் போட்டார்கள். ராஜா வாளைப் பார்த்தான், தளவாயைப் பார்த்தான். "இறங்கு."

பட்டுத் தலைப்பாகையோடு தளவாய் இறங்கினான், பின்னாலேயே காவலாளிகளும். இடுப்பளவு தோண்டினார்கள். ஓரத்து மணல் சரிந்து பாதியை மூடிற்று. வெயில் தாழ்ந்துகொண்டே வந்தது. இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். வெள்ளச்சி குனிந்து அடிமணலைத் தொட்டாள். லேசாகக் குளிர்ந்தது. ஆனால் பதின்மூன்று பேரால் ஆகிற வேலையில்லை அது.

"பொய்! எல்லாம் பொய்!" என்று தளவாய் மேலே ஏறி வந்தான். "பொழுது சாய்கிறது மகாராஜா, உத்தரவு கொடுங்கள்!" அவன் உருவிய வாள் வெள்ளச்சியின் கழுத்துக்குச் சாண் தூரத்தில் நின்றது.

"இன்னும் ஒரு கள்ளன் இறங்கல," என்றாள் வெள்ளச்சி.

"யார்?" என்றான் ராஜா.

"நீங்கதான் மகாராசா. ரெண்டு மாசமா அரமனைக்கு வந்த தண்ணி எந்தத் தண்ணி?"

"ராஜாவையே கள்ளன் என்கிறாள்!" என்று அலறினான் தளவாய்.

ராஜாவின் கை இடுப்பு வாளுக்குப் போயிற்று. அவன் ஆணையிட்ட அதே வாள். வெள்ளச்சி கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பென்று ஏதோ விழுந்தது. பார்த்தால், ராஜா வாளைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, செருப்பையும் உதறிவிட்டுப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறான்!

ராஜா கூடையைத் தூக்கினால் எந்தச் சிப்பாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்? நூறு பேரும் தடதடவென்று குதித்தார்கள். கூடை இல்லாதவன் கேடயத்தில் அள்ளினான். வெள்ளச்சி காத்திருந்தது இதற்குத்தான். சூரியன் மணல்மேட்டைத் தொடுகிற நேரம், ராஜாவின் கால் சதக்கென்று புதைந்தது. விரலிடுக்கில் கலங்கல் தண்ணீர் ஊறி வந்தது. அவள் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். உயிர் பிழைத்த அழுகை அது.

தண்ணீர் தெளிந்ததும் ராஜா உள்ளங்கையால் மொண்டு மொண்டு குடித்தான். காவலை அன்றோடு எடுத்தான். அடுத்த கோடை வரைக்கும் தளவாய் அங்கேயே இருந்து, வருகிற ஒவ்வோர் ஒட்டகத்துக்கும் ஒரு கூடை மணல் அள்ள வேண்டுமென்று உத்தரவு போட்டான். பிறகு தன் கழுத்து முத்துமாலையை வெள்ளச்சிக்குப் போட்டான்.

"இன்னும் என்ன வேண்டும்? கேள். மந்திரி வேலையே தருகிறேன்!"

வெள்ளச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த ஒரு கூடையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இப்பத்தானே குடிச்சீங்க, மகாராசா."

உதயகீர்த்தி கூடையை வாங்கிக்கொண்டு மறுபடியும் பள்ளத்தில் இறங்கினான்.