பூஜ்யம் படிக்காரி பாவாயி

ஒரு ஊர்ல ஒரு போன் இருந்துச்சு. அந்தப் போனுக்குள்ள ஒரு கேம். அந்தக் கேமுக்குள்ள நாலு ஊரு. என்ன சிரிப்பு? கேமுக்குள்ள ஊர் இருக்கக் கூடாதா? கண்ணை மூடு. ம் மட்டும் கொட்டு.

ம்.

முதல் ஊரு புள்ளியூரு. அங்க ஒரே ஆளு, பாவாயி. ரெண்டாவது ஆளு நிக்க இடம் கிடையாது. அவளும் ஒரு புள்ளி, அவ ஊரும் ஒரு புள்ளி. முன்னாடி போக முடியாது, பின்னாடி போக முடியாது, புரண்டு படுக்கவும் முடியாது. உக்காந்த இடத்துலயே உக்காந்திருப்பா. வாய் மட்டும் நல்லா ஓடும். பேசத்தான் ஆள் இல்ல.

அடுத்தது கோட்டூரு. அங்க எல்லாரும் கம்பி மாதிரி. முன்னாடி ஓடுவாங்க, பின்னாடி ஓடுவாங்க, அவ்வளவுதான். அதுல சடையப்பன்னு ஒருத்தன். விர்ர்ர்னு ஓடுவான். எங்க நிக்கணும்னு தெரியாது. ரோடு முடியற இடத்துல திரையோரத்துல போய் டமால்! தினமும் முட்டுவான். தினமும் நெத்தி வீங்கும். மறுநாள் மறுபடி ஓடுவான்.

அப்புறம் தாளூரு. அங்க வேம்புன்னு ஒருத்தி, அப்பளம் மாதிரி தட்டை. முன்ன பின்ன போவா, இடது வலது போவா. குதின்னு சொன்னா மட்டும் முழிப்பா. "குதிக்கிறதுன்னா எந்தப் பக்கம்?"னு கேப்பா.

கடைசியா பெட்டியூரு. தலைவர் ராசாமணி. முன்ன பின்ன, இடது வலது, மேல கீழ, எல்லாம் உண்டு. தொப்பையும் உண்டு.

இந்த நாலு ஊரையும் பாத்துக்க ஒரு மேஸ்திரி. அவர்கிட்ட ஒரு பலகை. எத்தனை வழியில நகர முடியுமோ அத்தனாவது படின்னு அதுல எழுதுவார். முன்ன பின்ன சேத்து ஒரு வழி, இடது வலது ஒரு வழி, மேல கீழ ஒரு வழி. பெட்டியூரு மூணாம் படி, தாளூரு ரெண்டாம் படி, கோட்டூரு ஒண்ணாம் படி. புள்ளியூரு? பூஜ்யம் படி. வருசா வருசம் கேம் திருவிழாவுல மேல்படிக்காரருக்கு மேளம் கொட்டி மாலை போடுவாங்க. அதுதான் முதல் மரியாதை. மாலை வரதுக்கு முன்னாடியே ராசாமணி கழுத்தை நீட்டிட்டு நிப்பார்.

அப்போ ஒரு நாள், போன்காரப் பொண்ணு அவ பூனையை வீடியோ எடுத்தா. பூனை தூங்குறது ஒண்ணு. பூனை கொட்டாவி விடுறது ஒண்ணு. பூனை சும்மா இருக்கிறது முன்னூறு. போனு ரொம்பிடுச்சு. டொய்ங்! இடம் இல்ல!

மேஸ்திரி தண்டோரா போட்டார். டும் டும் டும்! "கேமைச் சுருக்கணும். இல்லேன்னா மொத்தக் கேமையும் தூக்கிடுவாங்க. நாளைக்குப் பரீட்சை. கடைசிப் படியில எந்த ஊர் நிக்குதோ, அந்த ஊரை அழிச்சிடுவேன். டும்!"

பாவாயிக்குப் புரிஞ்சுபோச்சு. கடைசிப் படி யாருதுன்னு பரீட்சை வெச்சா தெரியணும்?

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

சரி. விடிஞ்சுது. பாவாயியால நடக்க முடியாதுல்ல? வேம்புதான் வந்து விரல் நுனியில ஒட்டிக் கொண்டு போனா. "பயமா இருக்கா பாவாயி?"ன்னு கேட்டா.

"பயம் கிடக்கட்டும். மெதுவாப் போ. நான் ஊரைப் பாக்குறது இதான் முதல் தடவை"ன்னா பாவாயி.

முதல் பரீட்சை. ஒத்தையடிப் பாதை. நடுவுல பாவாயியையே வெச்சார் மேஸ்திரி. "இவளைத் தாண்டிப் போ!"

சடையப்பன் விர்ர்ர்னு வந்தான். டொக்! பின்னாடி போனான், மறுபடி வந்தான். டொக்!

"நகருக்கா!"

"நகரத் தெரிஞ்சா நான் ஏன்டா பூஜ்யத்துல இருக்கேன்?"

"எனக்குச் சுத்திப் போகத் தெரியாதேக்கா."

"அப்போ நில்லு. பேசிட்டு இருப்போம். நெத்தியில என்ன வீக்கம்?"

அப்புறம் வேம்பு வந்தா. பக்கவாட்டுல சறுக்குனு வளைஞ்சு போயிட்டா. ராசாமணி வந்தார். ஒரே தாவு. தொப்புனு அந்தப் பக்கம் விழுந்து, வேட்டியைத் தட்டிக்கிட்டார்.

ரெண்டாவது பரீட்சை. தரையில ஒரு வளையம். "கோட்டைத் தொடாம வெளிய வா!"

வேம்பு உள்ள நின்னா. சர்ர்ர்னு ஒரு சுத்து, சர்ர்ர்னு இன்னொரு சுத்து. எங்கயும் இடுக்கு இல்ல. "மேஸ்திரி, வாசலை அடைச்சிட்டீங்களே!"

ராசாமணி சிரிச்சார். ஹஹ்ஹஹ்ஹா! காலைத் தூக்கி வளையத்துக்கு வெளிய வெச்சார். அவ்வளவுதான். வேம்பு வாயைப் பிளந்தா. "மாயமா மறைஞ்சு மாயமா வந்தாரே!"

"மாயமும் இல்ல மண்ணும் இல்ல. படி, பாப்பா, படி! மூணாம் படி!"

மூணாவது பரீட்சை. ஒரு பெட்டி. ஆறு பக்கமும் பலகை. "உள்ள போ, மூடியைத் திறக்காம வெளிய வா!"

"எனக்கா பெட்டி? கொண்டாய்யா!" ராசாமணி தொப்பையை அமுக்கி உள்ள இறங்கினார். மேஸ்திரி மூடினார். டப்.

அப்புறம் டம். டம் டம். டமடமடமடம்!

"மேஸ்திரி! எந்தப் பக்கம் போனாலும் பலகையா இருக்குய்யா!"

"நாலாவது வழி தெரிஞ்சாத்தான் வர முடியும்."

"நாலாவது வழியா? அப்படின்னா எந்தப் பக்கம்?"

வேம்பு விழுந்து விழுந்து சிரிச்சா. தட்டையா இருக்கிறதால விழுந்ததும் தெரியல.

மேஸ்திரி மூடியை இழுத்தார். வரல. தொப்பை முட்டி இறுகிப்போச்சு. "இருங்க, இந்த வேலையை முடிச்சிட்டு வரேன்"னு பலகையை எடுத்தார். மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம். பழையபடியேதான். புள்ளியூரு கடைசி.

ம் கொட்டு.

பாவம்... பாவாயி.

பாவம் எதுக்கு? கேளு.

மேஸ்திரி ரப்பரைத் தூக்கிட்டு வந்தார். பெரிய ரப்பர். சடையப்பன் அழுதான். வேம்பு முகத்தைத் திருப்பிக்கிட்டா. பாவாயிக்கு ஓடவும் வழியில்ல, ஒளியவும் வழியில்ல. இருக்கிறது வாய் ஒண்ணுதான்.

"மேஸ்திரி அண்ணே, ஒரு கேள்வி."

"சீக்கிரம் கேளு."

"என்னை அழிச்சா எவ்வளவு இடம் மிச்சமாகும்?"

மேஸ்திரி நின்னார். இத்தனை வருசம் படி எழுதினாரே தவிர, இடத்தை ஒரு நாளும் அளந்ததில்ல. மீட்டரை எடுத்தார். பாவாயி மேல வெச்சார். முள் அசையல. தட்டினார். அசையல. ஊதினார். ம்ஹும்.

"பூஜ்யம்"னார் மேஸ்திரி.

"நீளம் இல்ல, அகலம் இல்ல, உசரம் இல்ல. என்னை அழிச்சிட்டு எந்த இடத்துலண்ணே அடுத்த பூனையை வெப்பீங்க?"

மேஸ்திரி தலையைச் சொறிஞ்சார். கோட்டூருல வெச்சார், முள் துளி நடுங்குச்சு. தாளூருல வெச்சார், கொஞ்சம் நகந்துச்சு. பெட்டியூருல வெச்சார். விர்ர்ர்ர்ர்! முள் ஓடி, கண்ணாடியில முட்டி, டங்குனு ஒடிஞ்சு விழுந்துச்சு.

எல்லாரும் பெட்டியைப் பாத்தாங்க.

உள்ளேருந்து ஒரு சின்னக் குரல். "மேஸ்திரி... நான் ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆளு இல்லைங்க."

"மூணாம் படின்னீங்க?"ன்னார் மேஸ்திரி.

"அது சும்மா பேச்சுக்கு. ரெண்டுன்னு போட்டுக்குங்க. ஒண்ணுன்னு போட்டாலும் சரி. பூஜ்யத்துல ஓரமா ஒரு இடம் கிடைக்குமா, பாவாயி தாயி?"

"எங்க ஊர்ல ஒரு ஆளுக்குத்தான் இடம் தலைவரே. அதுல நான் உக்காந்திருக்கேன்."

சடையப்பன் குதிக்கத் தெரியாம முன்னயும் பின்னயும் குதிச்சான். "அழிங்க மேஸ்திரி, பெட்டியூரை அழிங்க!"

"சும்மா இருடா! அங்கயும் மனுசங்க இருக்காங்க"ன்னா பாவாயி. "தலைவரே, உங்க ஊர்ல அப்படி என்னதான் அடைச்சு வெச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க."

பெட்டிக்குள்ள முனகல். "வீடு நாப்பது. கிணறு ரெண்டு. அப்புறம்... கொஞ்சம் சிலை."

"யார் சிலை?"

"என் சிலைதான்."

"எத்தனை?"

"ஆயிரத்து இருநூறு."

பெட்டியே வெக்கப்பட்டு நடுங்குச்சு. மேஸ்திரி ரப்பரோட பெட்டியூருக்கு ஓடினார். நிக்கிற சிலை, ப்ளக்! குதிரை மேல உக்காந்த சிலை, ப்ளக்! தனக்குத் தானே மாலை போட்டுக்கிற சிலை, ப்ளக் ப்ளக்! ப்ளக் ப்ளக் ப்ளக்! கடைசிச் சிலை போனதும் போன் ஆஆவ்வ்னு ஏப்பம் விட்டுச்சு. இன்னும் நானூறு பூனைக்கு இடம். நாலு ஊரும் தப்பிச்சுது.

சிலை போன வருத்தத்துல ராசாமணி ஒரு பெருமூச்சு விட்டார் பாரு, தொப்பை உள்ள போச்சு, மூடி டபக்குனு திறந்துக்குச்சு.

அப்புறம் திருவிழா. மேளம் கொட்டுச்சு. டண்டணக்க டண்டணக்க! மாலை வந்துச்சு. ராசாமணி பழக்கத்துல கழுத்தை நீட்டினார். அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, மாலையை வாங்கி பாவாயிக்கிட்ட எடுத்துட்டுப் போனார். போடக் கழுத்து எங்க? சுத்தி வட்டமா வெச்சார். நடுவுல பாவாயி, ஜம்முனு.

"வேற என்ன வேணும் தாயி? படி ஏத்தட்டுமா?"ன்னு கேட்டார் மேஸ்திரி.

"பூஜ்யமே நல்லாருக்கு. பேச ஆள்தான் வேணும்."

அப்போ சடையப்பன் வீங்கின நெத்தியைத் தடவிக்கிட்டு, "எங்க ரோட்டுக் கடைசியில வந்து உக்காருக்கா"ன்னான்.

வேம்பு அவளை விரல் நுனியில ஒட்டிக்கிட்டுப் போய், திரையோரத்துக்கு ஒரு அடி முன்னால வெச்சா. அன்னையிலேருந்து கோட்டூர்க்காரங்க யாரும் முட்டுறதில்ல. விர்ர்ர்னு ஓடி வருவாங்க, பாவாயிக்கிட்ட டொக்குனு நிப்பாங்க, "சாப்பிட்டியாக்கா?"ன்னு கேப்பாங்க. பேச்சு முடியவே முடியாது. மேஸ்திரி பலகையில பூஜ்யம் படியை அழிக்கல. பக்கத்துல மட்டும் எழுதினார்: எல்லாரும் நிக்கிற இடம்.

இந்தக் கதையும் விர்ர்ர்னு இவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு. அதோ பாரு, ரோட்டுக் கடைசியில பாவாயி உக்காந்திருக்கா. டொக். நின்னாச்சு. தூங்கு.