முதுகோடு முதுகாக ஒரு வெள்ளிக்காசு

மலையை வெட்டினால் வெள்ளி கொட்டிய முன்னொரு காலத்திலே, பால்கன் மலைகளுக்கு நடுவே இல்லிரியா என்றொரு ராஜ்யம். அந்த நாட்டு வெள்ளிக்காசு இருக்கிறதே, அடடா, கையில் வாங்கியவன் செலவழிக்க மனசு வராமல் பட்டினி கிடப்பான். ஒரு பக்கம் பசு, மறுபக்கம் கன்று. பசுவின் இமை மயிரைக்கூட எண்ணிவிடலாம்.

அந்த அழகுக்குள்ளே ஒரு அநியாயம் இருந்தது, கேளுங்கள். ராஜா வேட்டைக்குப் போயிருந்தபோது, வெள்ளிமலையைத் தனக்குத் தரும்படி ஒரு மந்திரவாதி ராணியிடம் கேட்டான். ராணி முடியாது என்றாள். அந்தப் பாவி அவளைப் பசுவாக்கிக் காசு அடிக்கும் ஓர் அச்சிலும், அவள் பிள்ளையைக் கன்றாக்கி இன்னோர் அச்சிலும் அடைத்துவிட்டான்.

"நகக்கனம் தள்ளித்தான் இருப்பீர்கள். ஆனாலும் முதுகோடு முதுகு. தாய் பிள்ளையைப் பார்த்தால் சாபம் தீரும். எப்படிப் பார்ப்பாய்?" என்று சிரித்தான்.

பிறகு நல்லவன் வேஷம் போட்டு, அந்த அச்சுகளை ராஜாவிடம் கொடுத்தே நாணயச் சாலைக்குத் தலைவனானான். காசைக் கெடுத்தவர் கல்லாவார் என்று அங்கே ஒரு மந்திரமும் போட்டு வைத்தான். ராஜாவோ மனைவியையும் மகனையும் காடு காடாகத் தேடினார். மடியிலிருந்த காசிலேயே அவர்கள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நாணயச் சாலையில் தாசோ இடுக்கியால் வெள்ளி வில்லையை அந்த இரண்டு அச்சுகளுக்கு நடுவே பிடிப்பான். அவன் மனைவி பிளாயா சம்மட்டியால் அடிப்பாள். ஒருநாள் அவள் புதுக்காசு ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். 'டிங்' என்று கேட்கவில்லை. "அம்மா" என்று கேட்டது. திருப்பிச் சுண்டினாள். "கண்ணே, எங்கேடா இருக்கே? ஒரு தடவை உன் முகத்தைப் பார்த்தா இந்தச் சாபம் தீருமே" என்று ராணியின் குரல் அழுதது.

"ஏங்க, காசைத் திருப்பிப் போட்டு இன்னோர் அடி அடிச்சா, ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்துடுவாங்க."

"அது காசைக் கெடுக்கிறதுடி. நீ கல்லாயிடுவே."

"பிள்ளை அழுறதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

அடித்தாள், திருப்பினாள், அடித்தாள். கன்று பசுவின் வாலுக்குப் பின்னால் விழுந்தது. பிளாயாவின் கால்கள் கல்லாயின.

அடுத்த வில்லை. அடித்தாள், திருப்பினாள், அடித்தாள். கன்று பசுவின் முதுகுமேல் தலைகீழாக விழுந்தது. இடுப்புவரை கல்.

"போதும் பிளாயா, வா, ஓடிடலாம்" என்று தாசோ அழுதான்.

"காலே இல்லாம எங்கேங்க ஓடறது? இடுக்கியை இறுக்கிப் பிடிங்க."

சத்தம் கேட்டு மந்திரவாதி ஓடி வந்தான். அதற்குள் அடித்தாள், திருப்பினாள், அடித்தாள். கழுத்துவரை கல்லேறியது. கன்று இந்தத் தடவை பசுவின் மடிக்கடியில் போய் விழுந்தது. வெள்ளிப் பசு மெல்லக் கழுத்தைத் திருப்பிப் பிள்ளையை நக்கியது.

அவ்வளவுதான். ராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உலைக்களத்தில் நின்றாள். பிளாயா மேலிருந்த கல்லெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து, நேரே மந்திரவாதிமேல் போய் ஒட்டிக்கொண்டது. தாயையும் பிள்ளையையும் அதில் அடைத்து முதன்முதலில் காசைக் கெடுத்தவன் அவன்தானே.

ஓடோடி வந்த ராஜா பிளாயாவிடம், "என்ன வேணும், கேளம்மா" என்றார்.

"இனிமே தாயையும் பிள்ளையையும் ஒரே பக்கம் போடுங்க, மகாராஜா. அது போதும்."

அன்று முதல் இல்லிரியாக் காசில் பசு திரும்பிப் பார்க்கிறது, கன்று பால் குடிக்கிறது. மறுபக்கம் என்ன என்கிறீர்களா? பிளாயாவின் சம்மட்டி.